ஓவியம் படிச்சா நம்ம திருநெல்வேலிப் பக்கம் பிழைக்க முடியுமா?

வீரவநல்லூர் அக்கா — மே 12, காலை

பையன் பிளஸ் டூ முடிச்சிட்டான். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், மார்க் சுமார். இன்ஜினியரிங் வேண்டாம், படம் வரையத்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கான். ஓவியம் படிச்சவன் எல்லாம் இன்னைக்கு ஃப்ளெக்ஸ் கடையில உக்காந்து மவுஸைத்தான் உருட்டுதான், அதுக்கு எதுக்கு நாலு வருஷம்னு அவங்க அப்பா கேக்காவ. பக்கத்துக் காலேஜ்ல விஸ்காம் சேத்து விட்டா போதும், ரெண்டும் ஒண்ணுதான்னு என் தம்பி சொல்லுதான். இதுல பிழைப்பு இருக்கா இல்லையா? எங்க சேக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாளை டிராயிங் மாஸ்டர் — மே 12, காலை

ரெண்டும் ஒண்ணு இல்லக்கா. விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன், மூணு வருஷ பி.எஸ்சி. கேமரா, எடிட்டிங், விளம்பரம், பத்திரிகைன்னு எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வரும். டிராயிங் அதுல ஒண்ணு ரெண்டு பேப்பர்தான். பி.எஃப்.ஏ.ங்கிற கவின்கலைப் பட்டம் நாலு வருஷம். வாரம் முழுக்க ஸ்டுடியோவில நின்னு வரையணும், களிமண் பிசையணும், அச்செடுக்கணும்.

தமிழ்நாட்டுல இதுக்கு அரசுக் கல்லூரி மூணு இருக்கு. சென்னை, கும்பகோணம் ரெண்டுலயும் கவின்கலைக் கல்லூரி. மூணாவது மாமல்லபுரம் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி. மூணும் இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தோட இணைஞ்சது. சென்னைக் கல்லூரி 1850-ல அலெக்சாண்டர் ஹண்டர்ங்கிற டாக்டர் தொடங்கினது. ராய் சௌத்ரி, பணிக்கர் எல்லாம் முதல்வரா இருந்த இடம். அங்க பெயிண்டிங், சிற்பம், செராமிக், டெக்ஸ்டைல், பிரிண்ட்மேக்கிங்னு பிரிவு இருக்கு. விஷுவல் கம்யூனிகேஷன் டிசைனும் ஒரு பிரிவு. அது நாலு வருஷ பி.எஃப்.ஏ.வுக்குள்ள வாறது, உங்க தம்பி சொல்லுத விஸ்காம் வேற. வரையவும் வேணும், கம்ப்யூட்டர் வேலையும் வேணும்னா பையன் கேக்க வேண்டிய பிரிவு அதுதான்.

பிளஸ் டூவில எந்த குரூப்னு பாக்க மாட்டாங்க. செய்முறைத் தேர்வு வைப்பாங்க, அதுலதான் தேறணும். அரசுக் கல்லூரிங்கிறதால ஃபீஸ் பெரிய சுமை இல்லை. பேப்பர், கலர், கேன்வாஸ், ஹாஸ்டல், இதுலதான் காசு போகும்.

டவுன் டிடிபி — மே 12, மதியம்

அக்கா வீட்டு அண்ணாச்சி சொன்னது பாதி சரி. கையால போர்டு எழுதுனவங்க பொழப்பை ஃப்ளெக்ஸ் அடிச்சிட்டுப் போயிருச்சு. ஆனா கடைக்குள்ள இப்போ என்ன நடக்குன்னு சொல்லுதேன். திருநெல்வேலியில வேலை பூரா கோரல் டிராவும் ஃபோட்டோஷாப்பும். மூணு மாச கோர்ஸ் முடிச்ச பையன் ரெடிமேட் டிசைன்ல ஃபோட்டோவை மாத்திப் போடுவான். அவனால முடியாதது மூணு. ஒண்ணு, தமிழ் எழுத்தைப் புதுசா வரைஞ்சு தலைப்பு போடுறது. ரெண்டு, கஸ்டமர் வாயால சொல்லுததைக் கேட்டு அங்கனயே பென்சில்ல ரெண்டு ஸ்கெட்ச் போட்டுக் காட்டுறது. மூணு, அச்சுக்குப் பிழையில்லாம ஃபைல் கொடுக்கிறது. சிவகாசிக்குப் போற வேலையில முக்கால்வாசித் தகராறு இந்த மூணாவதுலதான் வருது.

ஃபைல்ல பாக்க வேண்டியது: கலர் சிஎம்ஒய்கே-ல, அதாவது அச்சு மையோட நாலு கலர் முறையில இருக்கணும். ஸ்கிரீன்ல பளிச்சுன்னு தெரியுத நீலம், கிளிப்பச்சை ரெண்டும் ஸ்கிரீனோட ஆர்ஜிபி முறையில மட்டும்தான் நிக்கும், அச்சுல நீலம் ஊதாப் பக்கம் சாயும், பச்சை மங்கிரும். படம் அச்சாகுத அளவுல 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கணும். வாட்ஸ்அப்ல வந்த ஃபோட்டோவைப் பெரிசாக்கி 300-ன்னு நம்பரை மாத்தினா வேலைக்கு ஆகாது. சுத்தி வெட்டுக்கோட்டுக்கு வெளிய 3 மி.மீ. படம் நீளணும், அதுக்குப் பேர் ப்ளீட், இல்லன்னா கட்டிங்ல ஓரத்துல வெள்ளைக் கோடு விழும். எழுத்தை எல்லாம் கர்வ்ஸாக்கி, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத கோட்டு வடிவமா மாத்தி அனுப்பணும். பழைய தமிழ் ஃபாண்ட்ல பாதி யூனிகோட் இல்லாதது. அச்சகத்துல அந்த ஃபாண்ட் இல்லன்னா வரி முழுக்க இங்கிலீஷ் எழுத்தாக் கொட்டிரும். சின்னக் கறுப்பு எழுத்துக்கு நாலு கலரையும் கலக்காம 100 சதவீதக் கறுப்பு மட்டும் போடணும். தாள் ஒரு இழை நகந்தாலும் நாலு கலர் எழுத்துல நிழல் தட்டும்.

ஃப்ளெக்ஸுக்கு 300 தேவையில்லை. முழு அளவுல 72-ல இருந்து 100 வரைக்கும் போதும், தூரத்துல நின்னு பாக்கத்தானே.

பையன் இப்பவே தமிழ்99 கீபோர்டு முறையில டைப் அடிக்கப் பழகட்டும். வேலைக்கு ஆள் எடுக்கையில முதல்ல பாக்குதது அதைத்தான்.

பாளை டிராயிங் மாஸ்டர் — மே 12, இரவு

டிடிபி தம்பி சொன்ன முதல் ரெண்டும் வரையத் தெரிஞ்ச கையால வாறது. அதுக்குத்தான் நாலு வருஷம். சிவகாசி கேலண்டருக்குச் சாமி படம் போட்டுப் பேர் வாங்கின கொண்டையராஜு, கோவில்பட்டியில இருந்துக்கிட்டு நாடகத் திரை எழுதினவரு. அவரும் சென்னை ஓவியப் பள்ளியில படிச்சவருதான். அவர்கிட்ட பழகின ஆளுக ஒரு தலைமுறைக்கு அச்சகங்களுக்குப் படம் கொடுத்தாங்க. அந்தக் காலத்துல கோவில்பட்டி நம்ம மாவட்டம்தான்.

முக்கூடல் வாசகர் — மே 13, காலை

டிராயிங் மாஸ்டர் வேலைக்கு இந்தப் பட்டம் போதுமா? என் தங்கச்சி மவளுக்கு அந்த ஆசை.

பாளை டிராயிங் மாஸ்டர் — மே 13, காலை

பட்டத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. இங்கதான் நிறையப் பிள்ளைங்க தவற விடுதாங்க. அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியருக்கு டி.டி.சி.ன்னு ஒரு சான்றிதழ் இருக்கு, தொழில் ஆசிரியர் சான்றிதழ். கோடையில நடக்கிற 42 நாள் பயிற்சி. அதுல சேர பத்தாவது பாஸாகியிருக்கணும். கூடவே அரசுத் தேர்வுத் துறை நடத்துற தொழில்நுட்பத் தேர்வுல டிராயிங் லோயர் முடிச்சிருக்கணும். ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங்னு பாடம் பாடமா எழுதுறது. லோயரோட நிறுத்தாம ஹையரும் முடிச்சு வைக்கணும். பி.எஃப்.ஏ. படிக்கிறப்போவே ஒவ்வொண்ணா எழுதிரலாம். படிப்பை முடிச்சிட்டு ஆரம்பிச்சா ரெண்டு வருஷம் வீணாப் போகும்.

இனி நெலவரம். ஆசிரியர் தேர்வு வாரியம் 2017-ல சிறப்பாசிரியர் அறிவிப்பு விட்டுச்சு. உடற்கல்வி, ஓவியம், தையல், இசை எல்லாம் சேத்து 1,325 இடம், மாநிலம் முழுசுக்கும். இந்த மாதிரி அறிவிப்பு வருஷா வருஷம் வாறதில்லை. கிடைச்சா அடிப்படைச் சம்பளம் 20,600-ல ஆரம்பம், நிரந்தர வேலை. இன்னொரு வகை பகுதிநேரச் சிறப்பாசிரியர். 2012-ல 16,549 பேரை மாசம் 5,000 ரூபாய்க்கு எடுத்தாங்க. அது மெல்ல ஏறி 2024-ல 12,500 ஆச்சு. வாரத்துல மூணு அரைநாள்தான் வேலைன்னாலும் ஒரு குடும்பத்துக்கு அது காணாது. பிள்ளைங்களுக்கு வரையக் கத்துக் கொடுக்கிற ஆளை இப்படி அரைச் சம்பளத்துல வருஷக்கணக்கா வச்சிருக்கிறது எனக்கு ஆறாத வருத்தம்.

அதனால அந்தப் பிள்ளைகிட்ட வாத்தியார் வேலையை ஒரு வழியா வச்சுக்கோன்னு சொல்லுங்க. அதை ஒண்ணையே நம்பி உக்கார வேண்டாம். கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகள்லயும் ஓவிய ஆசிரியர் இடம் உண்டு, அதுக்குக் கேக்கிற தகுதி வேற. ஒவ்வொரு அறிவிப்புலயும் தகுதிப் பத்தியை எழுத்துக்கு எழுத்துப் படிக்கணும். தனியார் நிறுவனம் தாற டிப்ளமோவில பணம் கட்டுறதுக்கு முன்னால, இது அரசு வேலைக்குச் செல்லும்னு இணைத்தன்மை அரசாணை இருந்தாக் காட்டுங்கன்னு கேக்கணும். காட்டலைன்னா கட்டக் கூடாது.

கல்லிடை — மே 13, மாலை

மாமல்லபுரத்தை ஒரு வரியில தாண்டிட்டீங்க. நம்ம ஊருக்கு அதுதான் பொருத்தம்னு சொல்லுவேன். 1957-ல தொடங்கின கல்லூரி. கணபதி ஸ்தபதி முதல்வரா இருந்த இடம். அங்க கல் மட்டும்தான்னு ஒரு பேச்சு இருக்கு, அது சரியில்லை. மரபுச் சிற்பம், மரபு ஓவியம் ரெண்டும் பி.எஃப்.ஏ.வா இருக்கு, கோயில் கட்டடக்கலை பி.டெக்.கா இருக்கு. சிற்பத்துல கல்லோட சுதை, மரம், உலோகமும் உண்டு.

கும்பாபிஷேகம் 12 வருஷத்துக்கு ஒருக்க வாறது வழக்கம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூணு மாவட்டத்துக் கோயிலையும் கணக்குப் பண்ணினா எப்பவும் எங்கயாவது ஒரு கோபுரத்துல சாரம் கட்டித்தான் இருக்கும். ஆள்தான் இல்லை. பொம்மைக்குக் கை போயிருக்கும், அதைச் சிமெண்ட்ல ஒட்ட வச்சு எனாமல் அடிச்சிட்டுப் போயிருவாங்க. அதுல என்ன கோளாறுன்னா, பழைய சுதை சுண்ணாம்புல ஆனது, ஈரத்தை உள்ள வாங்கி வெளிய விடும். சிமெண்ட் இறுகி ஈரத்தை உள்ளயே அடைச்சிரும். எனாமலும் அப்படித்தான். அடுத்தடுத்த மழையில பழைய சுதை உள்ள பொடிஞ்சு, புதுசு பாளம் பாளமா பேந்து விழும். சுண்ணாம்பை நீத்துப் புளிக்க வச்சு, மணல் சேத்து, கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் விட்டு அரைச்சு, ஒவ்வொரு பூச்சா மெல்லிசாப் போட்டுக் காய விட்டு ஏத்தணும். அவசரப்பட்டு ஒரே பூச்சா கனமாப் போட்டா வெடிச்சிரும்.

படிக்கப் போறதுக்கு முன்னால பையனைக் கிருஷ்ணாபுரத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் கோயில் கல்சிற்பத்தைக் காட்டுங்க. திருப்புடைமருதூர்க் கோபுரத்துக்குள்ள மரச்சிற்பமும் சுவரோவியமும் இருக்கு. குற்றாலம் சித்திரசபையில சுவர் பூரா ஓவியம். வீரவநல்லூர்ல இருந்து மூணும் ஒரு நாள் போய்ட்டு வாற தூரம்தான். நோட்டும் பென்சிலும் கையில இருக்கட்டும். ஃபோட்டோ எடுக்கக் கூடாதுன்னு சொல்லுத இடத்துலயும் கையால வரையத் தடை சொல்லுதது அபூர்வம். கேட்டுக்கிட்டு உக்காரணும்.

வீரவநல்லூர் அக்கா — மே 13, இரவு

ரொம்ப நன்றி அண்ணாச்சி. அவுகளும் கூட உக்காந்து வாசிச்சாவ. செய்முறைத் தேர்வுக்கு என்ன பழகணும்? இவன் நடிகர் முகமா வரைஞ்சு வச்சிருக்கான், அச்சு அசலா இருக்கு.

பாளை டிராயிங் மாஸ்டர் — மே 14, காலை

நடிகர் முகத்தை ஓரமா வைக்கச் சொல்லுங்க. ஃபோனைப் பாத்துக் கட்டம் போட்டு வரையுறதுல கை பழகும், கண் பழகாது. ஃபோட்டோவில ஆழத்தை ஏற்கெனவே தட்டையாக்கிக் கொடுத்திருக்கும். தேர்வுல முன்னால பொருளை வச்சு, அல்லது ஆளை உக்கார வச்சு வரையச் சொல்லுவாங்க. இல்லன்னா ஒரு தலைப்பைச் சொல்லி, சந்தை, திருவிழா இப்படி, மனசுல இருந்து வரையச் சொல்லுவாங்க. அங்க ஃபோன் கிடையாது.

காருகுறிச்சிப் பானை ஒண்ணு வாங்குங்க, உங்களுக்குப் பக்கம்தான். அதோட ஒரு செம்பு, ஒரு வாழைக்காய், மடிச்ச துண்டு. ஜன்னல் ஓரமா, வெளிச்சம் ஒரே பக்கத்துல இருந்து விழுறாப்புல வைக்கணும். அரை இம்பீரியல் தாள், 15-க்கு 22 அங்குலம். கார்ட்ரிட்ஜ் பேப்பர் போதும். ஹெச்பி, 2பி, 4பி, 6பி பென்சில். ஷார்ப்னர் வேண்டாம், பிளேடால நீளமாச் சீவணும்.

பானையில தப்பு வாறது ரெண்டு இடம். ஒண்ணு வாய். வட்டத்தைச் சாய்வாப் பாக்கும்போது ரெண்டு ஓரமும் வளைஞ்சுதான் திரும்பும். பிள்ளைங்க அதைக் கண்ணு மாதிரிக் கூர்மையா முடிச்சிருவாங்க. ரெண்டாவது அடி. வாயை வளைவாப் போட்டுட்டு அடியை ஸ்கேல் வச்ச மாதிரி நேர்கோடா முடிப்பாங்க. பானை நம்ம கண் மட்டத்துக்குக் கீழ இருந்தா, கீழ போகப் போக வட்டம் இன்னும் அகலமாத் திறக்கும். வாய் வளையத்தை விட வயிற்று வளையம் உருண்டையாத் தெரியணும், அடி வளைவு அதை விடவும். நடுவுல ஒரு செங்குத்துக் கோடு லேசா இழுத்து, ரெண்டு பக்கமும் சமமான்னு பென்சில் வச்சுப் பாக்கணும். அளக்கையில முழங்கை மடங்கக் கூடாது, ஒரு கண்ணை மூடிக்கணும். கை மடங்கினா ஒவ்வொரு அளவும் ஒரு மாதிரி வரும்.

நிழலை விரலால தேய்க்க விடாதீங்க. தேய்ச்ச நிழல் அழுக்கு மாதிரித் தெரியும், உருவம் உருளாது. கோடு கோடாப் போட்டு, கண்ணைச் சுருக்கிப் பாத்து, மூணே மூணு அடர்த்தியாப் பிரிக்கச் சொல்லுங்க: வெளிச்சம், நடு, இருட்டு. அது சரியா வந்த பிறகுதான் நுணுக்கம்.

ஆள் வரையிறதுக்கு பஸ் ஸ்டாண்டும் சந்தையும் போதும். ஆளுக்கு ரெண்டு நிமிஷம், பத்து ஆள். முகத்தை விட்டுட்டு முதல்ல முதுகெலும்பு எந்தப் பக்கம் சாயுது, பாரம் எந்தக் கால்லன்னு பாக்கணும்.

ஸ்ரீவை — மே 14, மதியம்

யாரும் சொல்லாத ஒண்ணு. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கைன்னு தாமிரபரணிக் கரை பூரா அகழாய்வு நடந்த மண்ணு. ரெட்டியார்பட்டிப் பக்கம் பொருநை அருங்காட்சியகமும் இருக்கு. அகழாய்வுன்னா பானை ஓடு மூட்டை மூட்டையா வரும், அதை வரைஞ்சு ஆவணமாக்க ஆள் வேணும். ஃபோட்டோ இருக்கையில எதுக்கு வரையணும்னு கேப்பாங்க. ஓட்டோட கனத்தையும் உள்வளைவையும் ஃபோட்டோ காட்டாது.

வேலை இதுதான். வாய் விளிம்புத் துண்டைச் சமதளத்துல கவுத்து, வெளிச்சம் உள்ள நுழையாம விளிம்பு முழுக்கப் படியுற வரை சாய்வைச் சரி பண்ணணும். ஒண்ணுக்குள்ள ஒண்ணா வட்டம் போட்ட சார்ட்ல வச்சு விட்டம் பாக்கணும். புரொஃபைல் கேஜால வளைவை எடுத்து, காலிப்பரால ரெண்டு மூணு இடத்துல கனம் அளந்து, கிராஃப் தாள்ல அதே அளவுக்கு வரையணும். நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் வெட்டுத்தோற்றம், மறுபக்கம் வெளித்தோற்றம். பிறகு டிரேசிங்ல இங்க் பேனா. விளிம்புத் துண்டு ரொம்பச் சின்னதா இருந்தா விட்டத்தை நம்பக் கூடாது, சந்தேகம்னு குறிச்சிரணும். அழகுக்காகக் கோட்டை வளைச்சு விட்டா அந்தப் படம் ஆய்வுக்கு உதவாது.

இது சீசன் வேலை, ஒப்பந்தத்துலதான் எடுப்பாங்க. ஆனா கை சுத்தமான ஆளைத் தேடித்தான் பிடிக்காங்க.

பாளை டிராயிங் மாஸ்டர் — மே 14, மதியம்

அருமையாச் சொன்னீங்க. பானை வளையத்தைப் பத்திக் காலையில எழுதினது இங்க வந்து சேருது. அந்தக் கண் இருக்கிறவனுக்கு இதை ஒரு வாரத்துல சொல்லிக் கொடுத்திரலாம்.

முக்கூடல் வாசகர் — மே 15, காலை

ஐஐடியில டிசைன் படிக்கலாம்னு சொல்லுதாங்களே, அது?

பாளை டிராயிங் மாஸ்டர் — மே 15, காலை

உண்மைதான், பி.டெஸ்.னு டிசைன் பட்டம். அதுக்கு யுசீட்னு நுழைவுத் தேர்வு, ஐஐடி பம்பாய் நடத்துது. பிளஸ் டூவில எந்தப் பிரிவும் எழுதலாம். வரைதலும் அதுல ஒரு பகுதி. ஆனா தேர்வு ஜனவரியில, விண்ணப்பம் அதுக்கு முந்தின அக்டோபர், நவம்பர்லயே முடிஞ்சிரும். அகமதாபாத் என்ஐடி, அதாவது தேசிய வடிவமைப்பு நிறுவனத்தோட தேர்வும் அதை ஒட்டியேதான். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு யோசிச்சா அந்த வருஷம் போச்சு. அதனால இப்போ பிளஸ் ஒன் போற பிள்ளைங்க வீட்டுல இதைக் குறிச்சு வைங்க. ஃபீஸ் ரொம்ப ஜாஸ்தி, கடன், உதவித்தொகை கணக்கெல்லாம் முன்னாலயே பாத்துக்கணும். வேலை வாய்ப்புன்னு பாத்தா இந்தப் பட்டியல்லயே அதுதான் மேல. ஆனா அது பொருளையும் செயலியையும் வடிவமைக்கிற படிப்பு. ஓவியனா ஆகணும்னு துடிக்கிற பிள்ளையை அதுல தள்ளுறது நியாயமில்லை.

சினிமா, அனிமேஷன் பக்கம் மனசு போனா தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் நாலு வருஷப் பட்டமா இருக்கு. அரசுக் கல்லூரி. லட்சக்கணக்குல வாங்குற அனிமேஷன் கோர்ஸுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னால இதை விசாரிச்சிருங்க.

கடையம் — மே 15, மாலை

சுவர் ஓவியத்தையும் சேத்துக்கோங்க. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஓட்டல்னு இப்போ நல்லா வருது. படிக்கிற பிள்ளைங்க லீவுல எடுத்துச் செய்யலாம். ஆனா விலை சொல்லுததுல ஏமாந்து போறாங்க.

பத்துக்கு இருபது சுவர், 200 சதுர அடி. எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட்டுக்கு ரெண்டு லிட்டர். மேல ரெண்டு கோட் எமல்ஷனுக்கு நாலு லிட்டர். படத்துக்கு ஆகுற கலர் தனி. சாரம், ஆள் கூலி, சுவர் சுரண்டுற கூலி எல்லாம் எழுதிப் போட்ட பிறகுதான் சதுர அடிக்கு இவ்வளவுன்னு சொல்லணும். பாதிப் பணம் முன்னால வாங்கணும். புதுப் பூச்சுன்னா நாலு வாரமாவது காயாமத் தொடக் கூடாது, உள்ள இருக்கிற காரம் கலரை வெளுத்திரும். உப்புப் பூத்த சுவர்ல எவ்வளவு நல்ல பெயிண்டும் நிக்காது. தண்ணி எங்கிருந்து ஏறுதுன்னு பாத்து அடைச்ச பிறகுதான் பிரஷ். கலர் கூட்டுற ஸ்டெய்னரை லிட்டருக்கு 40 மில்லிக்கு மேல ஊத்தாதீங்க, பிசுபிசுன்னு காயாம நிக்கும். மேற்குப் பாத்த சுவர்ல பளபளக்கிற சிவப்பும் மஞ்சளும் ரெண்டு கோடையில வெளுத்திரும். காவி, செம்மண் நிறம் நிக்கும்.

பாளை டிராயிங் மாஸ்டர் — மே 16, காலை

காசு விஷயம் ஒண்ணு விட்டுப்போச்சு. ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பையன்னா தமிழ்ப் புதல்வன்ல மாசம் 1,000 வரும், பொண்ணுன்னா புதுமைப் பெண். பி.எஃப்.ஏ.வும் பட்டப்படிப்புதான், கலை படிக்கிறோம் நமக்கு வராதுன்னு நினைச்சு விட்டுராதீங்க. மத்தியக் கலாச்சார அமைச்சகம் இளம் கலைஞர்களுக்கு உதவித்தொகை கொடுக்குது. வயசு 18-ல இருந்து 25, மாசம் 5,000, ரெண்டு வருஷம். ஓவியமும் சிற்பமும் அதுல உண்டு. நம்ம பக்கத்துப் பிள்ளைங்க யாரும் போடுறதே இல்லை, போடணும்.

சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடுன்னா மாவட்டத்துல ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கு, ஓவிய வகுப்பு நடக்கும். செலவு கம்மி.

வீரவநல்லூர் அக்கா — மே 17, இரவு

சென்னை, கும்பகோணம், மாமல்லபுரம் மூணுக்கும் போடப் போறோம். அவுகளே அப்ளிகேஷன் விசாரிக்காவ. தேர்வுக்குப் போகையில என்ன கொண்டு போகணும்?

பாளை டிராயிங் மாஸ்டர் — மே 18, காலை

நல்ல முடிவு. மூணும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனித் தேர்வுன்னு வச்சுக்கிட்டு ஒவ்வொரு கல்லூரி அறிவிப்பையும் நேரடியாப் பாருங்க. ஒரே நாள்ல மோதுதான்னும் பாத்துக்கோங்க.

பைக்கு: 16-க்கு 23 அங்குல ஹார்ட்போர்டு, ரெண்டு பெரிய கிளிப். சீவி வச்ச பென்சில், ஒவ்வொரு நம்பர்லயும் ரெண்டு. பிசைஞ்சு பயன்படுத்துற நீடட் அழிப்பான், பிளேடு. போஸ்டர் கலர்ல வெள்ளை, கறுப்பு, லெமன் மஞ்சள், குரோம் மஞ்சள், கிரிம்சன், வெர்மிலியன், அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா. வட்ட பிரஷ் 4, 8, 12, தட்டை பிரஷ் ஒண்ணு. தட்டு, ரெண்டு தண்ணி டப்பா, பழைய துணி. கலர் டப்பா மூடியை டேப் ஒட்டி இறுக்குங்க, ரயில்ல சாஞ்சா சான்றிதழ் எல்லாம் நனையும். சான்றிதழை வேற பையில வைங்க, நகல் மூணு செட்.

வரைஞ்சதுல பதினஞ்சு மட்டும் எடுத்துட்டுப் போகட்டும். பஸ் ஸ்டாண்டு ஸ்கெட்ச் நோட்டு மேல இருக்கட்டும், நடிகர் முகம் ஒண்ணு போதும். எல்லாத்துலயும் பின்பக்கம் தேதி. இது எங்க பாத்து வரைஞ்சன்னு கேட்டா பதில் சொல்லத் தெரியணும், அதையும் வீட்டுல கேட்டுப் பழக்குங்க.

சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்ல போனா எழும்பூர்ல இறங்கி ஆட்டோவில பக்கம். மாமல்லபுரத்துக்குச் செங்கல்பட்டுலயே இறங்கி பஸ் பிடிங்க, சென்னை வரை போய்த் திரும்ப வேண்டாம். கும்பகோணத்துக்குத் திருச்சியில மாறுங்க. தேர்வு காலையிலன்னா முந்தின நாளே போய்த் தங்கிருங்க. ராத்திரி முழுக்க உக்காந்து போன கையில கோடு நிக்காது.